மண்ணுக்குள் கிடந்த பதினாறரை ஏக்கர்

கம்பெனி வேன் காலை ஏழு மணிக்குத்தான் வரும். ஆனால் 2008-ஆம் வருசப் புரட்டாசிப் பின்பாதி முழுக்க வேலுத்தாய் ஆறு மணிக்கே சோத்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வேன் நிற்கிற முக்கைத் தாண்டி நேராகத் தங்கள் மானாவாரிக் காட்டுக்குப் போவாள். குத்தவைத்து உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் கரிசல் மண்ணை ஒரு விரல் ஆழத்துக்குக் கிளறுவாள். எள்ளை விடக் கொஞ்சம் பருத்த, சாம்பல் நிறக் குதிரைவாலி விதை நாலைந்து தட்டுப்படும். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்ப்பாள். எறும்பு கடித்திருக்கிறதா, சொத்தையாகி வெறும் கோது ஆகிவிட்டதா என்று ஒவ்வொன்றாக நகத்தால் நசுக்கிப் பார்ப்பாள். நல்லதாக இருந்தால் அதே குழியில் போட்டு மூடிவிட்டு அடுத்த துண்டுக்குப் போவாள். பதினொரு குடும்பம், பதினொரு துண்டு, பதினொரு குழி. ஒன்றைக்கூட விட மாட்டாள்.

"ஏடி, உறங்குற பிள்ளையத் தினமும் தட்டித் தட்டிப் பாக்காதடி. அழுதுரப் போகுது" என்பாள் அக்கா பொன்மணி. அவளும் அதே பட்டாசுக் கம்பெனியில்தான் வெடிச் சரம் பின்னினாள்.

"அழுதா நல்லதுதான்க்கா. உசிரு இருக்குன்னு தெரியும்ல."

வேலுத்தாய் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் வேனில் ஏறி உட்கார்ந்ததும் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பாள். சின்ன வயதிலிருந்தே பயம் வந்தால் அவளுக்கு அதுதான் பழக்கம்.

அந்த நிலம் ஊரை ஒட்டியே, விஸ்வநத்தத்துக்குத் தெற்கே மூன்று மைல் தள்ளி இருந்தது. 1989-இல் கூலி வேலை பார்த்த பதினொரு குடும்பத்துக்கு அரசாங்கம் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் கொடுத்தது. கொடுத்தது கண்டிசன் பட்டா. விற்கக் கூடாது, தரிசாகப் போடக் கூடாது, போட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அப்பன் ஆத்தாள் காலத்தில் நாலைந்து வருசம் உழுதார்கள். அப்புறம் ஊர் வாசலுக்கே கம்பெனி வேன் வந்தது. வாரம் முடிந்தால் கையில் கூலி. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? காடு முழுக்கச் சீமைக்கருவேல் மண்டியது.

கம்பெனிப் பிழைப்பிலும் ஒரு சங்கடம் இருந்தது. எங்காவது ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்தால், சோதனை என்று சுற்றி இருக்கிற பத்துக் கம்பெனியையும் பூட்டுவார்கள். தீபாவளி முடிந்தாலும் ஒரு மாதம் வேலை கிடையாது. அங்கே பூட்டுப் போட்டால் இங்கே அடுப்பில் பூனை தூங்கும். ரேசன் அரிசி மாதம் பாதியில் தீர்ந்துவிடும். மூன்று வருசத்துக்கு முன்னால் அப்படி ஒரு பூட்டுக் காலத்தில், நாற்பது நாள், வேலுத்தாய் தன் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் காலையில் வெறும் டீயைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அதை அவள் வெளியே சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் கருவேல் காட்டை அடிக்கடி திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த வருசம் ஆடியில் பதினொரு வீட்டுக்கும் நோட்டீசு வந்தது. நிலம் பல வருசமாகத் தரிசாகக் கிடப்பதால் பட்டாவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருந்தது. ரோட்டோரத்து நிலம், வெடிமருந்து குடோன் கட்ட ஒரு கம்பெனி அதைக் கேட்டுக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். அந்தக் கம்பெனிக்குத் தரகு பார்த்தவன் ராக்கப்பன். வீடு வீடாக வந்து, "சும்மா கிடக்குற காடுதான தாயி, விட்டுக்கொடுக்குறோம்னு கையெழுத்துப் போட்டுட்டு வர்றதை வாங்கிக்கோங்க" என்று நயமாகப் பேசினான்.

வேலுத்தாய் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் எந்தக் காகிதத்தையும் மூன்று தரம் வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். நோட்டீசை வாசித்தாள். பத்துப் பொம்பளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். இந்தப் பருவத்தில் பயிர் வைக்கிறோம், வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மனு. அதற்குப் பதிலும் வந்தது. வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். பயிர் இருந்தால் பட்டா நிற்கும், இல்லையென்றால் ரத்து.

கருவேலைக் கரி சுடுகிற கரிமூட்டக்காரர்கள் தூரோடு வெட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு விறகு, இவர்களுக்குக் காடு. என்ன விதைப்பது என்பதில்தான் சண்டை வந்தது.

"மக்காச்சோளம் போடுவோம்க்கா" என்றாள் செல்வலட்சுமி. பதினொரு பேரில் அவள்தான் இளையவள். அவள் புருசன் முனியசாமி தண்ணீர் டேங்கர் ஓட்டினான். "விதைக்கடையில விதையும் தர்றாக, உரமும் தர்றாக. ஆளுயரம் நிக்கும். ஆபீசர் ஜீப்புல இருந்து இறங்காமலே பாத்துருவாரு."

"ஆபீசர் பாத்துருவாரு. நீ எதைத் திம்பே?" என்றாள் வேலுத்தாய். "கோழித் தீவனத்துக்கு லாரியில ஏத்தி விட்டுட்டு, பையைத் தூக்கிக்கிட்டு ரேசன் கடை வாசல்ல நிப்பியா? அடுத்த வருசம் விதைக்கும் அவுக கடைக்குத்தான போகணும். கம்பெனிக்காரன் ஒரு பக்கம் கழுத்தைப் பிடிச்சிருக்கான், விதைக்காரன் கையில இன்னொரு பக்கத்தையும் கொடுக்கச் சொல்றியா?"

"குதிரைவாலி மட்டும் மழை இல்லாம வந்துருமாக்கும்?"

"ரெண்டு நல்ல மழை போதும். தொண்ணூறு நாள்ல களத்துல கிடக்கும். கம்பெனியைப் பூட்டினாலும் கஞ்சிக்குப் பஞ்சம் வராது."

அருப்புக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரர்களிடமிருந்து விதை வந்தது. அறுத்த பிறகு விதையாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. புரட்டாசி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. சீசன் நேரம் என்பதால் அன்றும் கம்பெனியில் வேலை இருந்தது. போர்மேன் சவரிராஜின் ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு பதினொரு பேரும் லீவு போட்டார்கள். டிராக்டர் வைத்து உழுது, விதையைத் தூவி, முள்ளுக் கொப்பை இழுத்து மண்ணை மூடினார்கள். மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைப்பதுதான் அந்தக் கரிசல் காட்டு வழக்கம். முதல் பெருமழை விழுந்ததும் எல்லா விதையும் ஒன்றாக எழுந்துவிடும். அது வரைக்கும் விதைத்த காட்டுக்கும் விதைக்காத காட்டுக்கும் வெளியே வித்தியாசம் தெரியாது.

ஆய்வாளர் வருகிற தேதி விதைத்த பிறகுதான் தெரிந்தது. அக்டோபர் பத்து, வெள்ளிக்கிழமை. அதற்குள் மழை வரும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? வேலுத்தாய் தினமும் குழி கிளறிப் பார்த்த காரணம் அதுதான்.

அக்டோபர் ஏழாம் தேதி காலையில் போனபோது, அவள் குழி கிளறாத ரோட்டோரத்தில், செல்வலட்சுமி காட்டில் அரை ஏக்கர் அளவுக்கு ஊசி ஊசியாகப் பச்சை தெரிந்தது. வேலுத்தாய்க்கு ஒரு நிமிசம் நெஞ்சு குளிர்ந்தது. கிட்டப் போனாள். பாதிப் பயிர் நுனி கருகிப் பழுத்திருந்தது. மண்ணைக் கிளறினாள். மேலே ஒரு விரல் ஆழம் தண்ணீர் பட்டுக் காய்ந்து ஓடாக நின்றது. கீழே புழுதி.

முக்குக்குத் திரும்பியபோது செல்வலட்சுமி வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள்.

"என்னடி செஞ்ச?"

"காந்தி ஜெயந்தி அன்னைக்கு டேங்கருக்கு லீவுக்கா. ரெண்டு லோடு ஊத்தச் சொன்னேன். ரோட்டுல இருந்து பாத்தாப் பச்சையாத் தெரியட்டும்னு..."

கரிசலுக்கு இரண்டு டேங்கர் தண்ணீர் நாக்கை நனைக்கிற மாதிரி. விதையை எழுப்பிவிட முடியும், வளர்க்க முடியாது. எழுந்த விதை மறுபடி விதையாகாது. ஆபீசர் வரும்போது இந்தக் கருகலைப் பார்த்தால் என்ன எழுதுவாரோ என்று மட்டும்தான் வேலுத்தாய் மனசில் ஓடியது. ஆயுத பூசை லீவன்று இரண்டு பேரும் கரிமூட்டக்காரர்கள் விட்டுப்போன முள்ளுக் கொப்பை இழுத்து வந்து அந்த அரை ஏக்கரை மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வாளர் லட்சுமிகாந்தம் மோட்டார் சைக்கிளில் வந்தார். கூப்பிடாமலே ராக்கப்பனும் வந்து நின்றான். பொம்பளைகள் பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள்.

"எங்கம்மா பயிர்?"

"மண்ணுக்குள்ள இருக்கு சார்" என்றாள் வேலுத்தாய்.

ராக்கப்பன் கையைத் தட்டிச் சிரித்தான். "கண்ணுக்குத் தெரியாத பயிருக்குக் கண்ணுக்குத் தெரியாத பட்டாவா ஒண்ணு எழுதிக் கொடுங்க சார்."

"உனக்கு அந்தக் கண்ணு இருந்தா நீ ஏண்ணே தரகு பாக்கப் போறே?" என்றாள் பொன்மணி.

வேலுத்தாய் உட்கார்ந்து மண்ணைக் கிளறி விதையை எடுத்து ஆய்வாளர் கையில் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"நேத்துச் சாயங்காலம் தூவியிருப்பாக சார்" என்றான் ராக்கப்பன். "அங்கன பாருங்க, ரோட்டோரத்துல அரை ஏக்கருக்குக் கருவேலை இன்னும் வெட்டக்கூட இல்ல. இவுகளா விவசாயம் பாக்கப் போறாக?"

அவன் கை காட்டியது அந்த முள்ளுக் கொப்பை.

ஆய்வாளர் அந்தப் பக்கம் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். முள்ளை மூடி வைத்தால் வெட்டாத காடு. முள்ளை எடுத்தால் செத்த பயிர். எதைக் காட்டினாலும் கெடுதல்தான். ஆனால் செத்த பயிராவது விதைத்த பயிர். அவள் ஓடிப்போய்க் கொப்பைப் பிடித்து இழுத்தாள். முள் உள்ளங்கையில் ஏறியது. அதைப் பார்க்காமல் அடுத்த கொப்பை இழுத்தாள். பொன்மணியும் மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

முள்ளுக்குக் கீழே அரை ஏக்கர் துரும்பு.

"நான்தான் சார், நான்தான் தண்ணி ஊத்திக் கொன்னேன்" என்று செல்வலட்சுமி ஓவென்று அழுதாள். "காந்தி ஜெயந்தி அன்னைக்கு ஊத்தினேன். அக்கா மேல தப்பு இல்ல சார். பட்டாவை எடுத்துறாதீக சார்."

ஆய்வாளர் குனிந்து ஒரு துரும்பைப் பிடுங்கினார். வேரோடு விதைக் கோது ஒட்டிக்கொண்டிருந்தது. இலையை விரித்தார். இரண்டு இலை.

"நேத்துத் தூவின விதை ரெண்டு இலை விட்டுக் கருகுமா ராக்கப்பா?" என்று கேட்டார்.

ராக்கப்பன் வெயிலைப் பார்த்தான்.

ஆய்வாளர் நல்லவரா கெட்டவரா என்று கடைசி வரைக்கும் அவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணில் பட்டதை எழுதுகிற மனிதர், அவ்வளவுதான். 'விதைக்கப்பட்டுள்ளது. பயிர் இல்லை. மறு ஆய்வு 31-10' என்று எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்.

"அன்னைக்கும் இப்படியே கிடந்தா இப்படியே எழுதிருவேம்மா. ஒவ்வொரு பட்டாவுக்கும் தனித்தனியா எழுதணும். எவ காடு வெறுமையாக் கிடக்கோ, அவ பட்டா போகும்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். மழை வராவிட்டால் எல்லாருக்கும் போச்சு. குறைவாக வந்தாலோ அதை விட மோசம். செல்வலட்சுமி காட்டுக்கு வந்த கதி பதினாறரை ஏக்கருக்கும் வரும். பதின்மூன்றாம் தேதி மத்தியானம் லேசாகத் தூற ஆரம்பித்தபோது, சரம் பின்னிக்கொண்டிருந்த வேலுத்தாய், "நிக்கட்டும் தாயே, நிக்கட்டும்" என்று முணுமுணுத்தாள். மழைக்காக அரை மாதம் வேண்டிக்கொண்டவள், மழையைப் போகச் சொல்லி வேண்டினாள். கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் பதினொரு குழியையும் கிளறினாள். எந்த விதையும் ஏமாறவில்லை.

போர்மேன் சவரிராஜுக்கு மழையே பிடிக்காது. ஆர்டர் மலை மாதிரிக் கிடந்தது, காய்ந்தால்தான் சரக்கு. "இங்கன எவ மழைக்கு வேண்டுறது? தீவாளி முடியுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க தாயி. நான் மாதா கோயில்ல மழை வேண்டாம்னு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருக்கேன்."

"நாங்க காளிக்குப் பொங்கல் வச்சிருக்கோம்ண்ணே. யாரு ஜெயிக்கிறாகன்னு பாப்போம்" என்றாள் பொன்மணி.

காளி ஜெயித்தது பதினெட்டாம் தேதி சனிக்கிழமை. மூன்று மணிக்கு மேற்கே கருத்தது. இடி இறங்கினால் வெடிமருந்து இருக்கிற இடத்தில் ஆள் நிற்கக் கூடாது. வெளியே மேடையில் காய்ந்த சரக்கை எல்லாரும் ஓடி ஓடி அள்ளினார்கள். சவரிராஜ் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனார். வேலுத்தாய் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே முதல் சொட்டு கழுத்தில் விழுந்தது. புளியங்கொட்டை கனம். கை சரக்கைக் காப்பாற்ற ஓடியது, மனசு அதை அடி அடி என்று மழையோடு ஓடியது. அரை நாள் கூலி போச்சு என்று வேனில் எல்லாரும் புலம்பினார்கள். பதினொரு பேர் மட்டும் ஜன்னல் வழியாக ஓடையில் தண்ணீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். போனது.

மறுநாளும் பெய்தது. அடுத்த வியாழக்கிழமை காட்டில் பச்சை விரித்தது. அரை ஏக்கரைத் தவிர.

அந்த அரை ஏக்கர் ரோட்டில் போகிறவன் கண்ணில் முதலில் படுகிற இடம். விதை ஒரு பிடி மிச்சமில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்திலும் எல்லாரும் விதைத்து முடித்திருந்தார்கள். வேலுத்தாய் இரண்டு நாள் காட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பயிர் நெருக்கமாக விழுந்த இடத்தில் எப்படியும் கலைத்து எடுக்க வேண்டும். எடுப்பதைத் தூர எறிவானேன், நாற்றாக நட்டால் என்ன?

வேனில் சொன்னபோது பஞ்சம்மாள் பொங்கிவிட்டாள். அவள் காட்டில்தான் பயிர் நன்றாக வந்திருந்தது. "நல்லா இருக்குதே நியாயம்! எங்காட்டுப் பயிரைப் பிடுங்கி அவ காட்டுல நடணுமாக்கும்? அவளா ஊத்தினா, அவளே அனுபவிக்கட்டும்."

"அவ அனுபவிப்பா மதினி. பட்டா போகும்" என்றாள் வேலுத்தாய். "அந்தத் துண்டுல குடோன் வரும். மருந்து குடோனை ஒட்டி நீங்க வைக்கோலைப் போட்டுப் போரடிப்பீகளா? வேலி அடைப்பான், வாச்மேன் போடுவான், வராதேன்னு சொல்லுவான். அடுத்த வருசம் நீங்களா வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீக. ஒருத்தி காடு போனா பதினொண்ணும் போகும்."

பஞ்சம்மாள் இறங்கும்போது, "தீவாளி அன்னைக்கு வேணா வாரேன். அன்னைக்குத்தான் கம்பெனி கிடையாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

தீபாவளி திங்கட்கிழமை வந்தது. ஊரே வெடித்துக்கொண்டிருந்தது. பதினொரு பேரும் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இரண்டு பலகாரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, பழைய சேலையைக் கட்டி ஈரக் காட்டில் இறங்கினார்கள். சரம் பின்னிப் பழகிய விரல். பயிரை நோகாமல் பிடுங்கவும் தெரிந்தது, நெருக்கம் பார்த்து ஊன்றவும் தெரிந்தது. "ஏடி, சரம் மாதிரி ஒட்டி ஒட்டி வைக்காத. மூச்சு விட இடம் வேணும்" என்று பஞ்சம்மாள்தான் எல்லாரையும் அதட்டினாள். வேலை முடியும்போது பொழுது சாய்ந்திருந்தது. நட்ட பயிரெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் நட்ட பயிர் நிமிரவில்லை. கம்பெனி லீவு என்பதால் வேலுத்தாய் அங்கேயே கிடந்தாள். பொன்மணி கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால் பாதியைத்தான் குடித்தாள். முள் குத்திய உள்ளங்கை பழுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். இந்தத் தடவை ராக்கப்பன் வரவில்லை. ஆய்வாளர் பட்டா எண்ணைச் சொல்லி ஒவ்வொரு துண்டாக நடந்தார். நின்றார், பார்த்தார், எழுதினார். பத்துத் துண்டும் முடிந்தது. கடைசியாகச் செல்வலட்சுமி காட்டுக்கு வந்தார். நட்ட அரை ஏக்கரில் முக்கால்வாசி அப்போதுதான் நிமிரத் தொடங்கியிருந்தது. மீதி இன்னும் சாய்ந்தே கிடந்தது.

"இது விதைச்சதா, நட்டதா?"

"நட்டது சார்" என்றாள் வேலுத்தாய். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"யாரு காட்டுப் பயிரு?"

பஞ்சம்மாள் முன்னால் வந்து, "எல்லார் காட்டுப் பயிரும்தான் சார். இதுல என்ன கணக்கு?" என்றாள்.

ஆய்வாளர் குனிந்து, சாய்ந்து கிடந்த ஒரு பயிரின் தாளை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். பயிர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். இறுக்கிப் பிடித்திருந்தது. விட்டுவிட்டார்.

பதினோராவது கட்டத்திலும் 'குதிரைவாலி' என்று எழுதினார்.

"இந்த வருசத்துக்கு ஆச்சும்மா" என்றார். "அடுத்த வருசமும் பாக்க வருவாக. நானோ, வேற ஆளோ."

"வரட்டும் சார். அறுப்பு முடிஞ்சதும் விதையைத் தனியா எடுத்து வச்சிருவோம்."

மோட்டார் சைக்கிள் ரோட்டில் ஏறியது. செல்வலட்சுமி பஞ்சம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவும் அழவும் செய்தாள். பொன்மணி தங்கச்சியைத் தேடினாள். வேலுத்தாய், ஆய்வாளர் இழுத்துப் பார்த்த அந்தப் பயிரின் பக்கத்தில் குத்தவைத்து, அசைந்துபோன அடிமண்ணைச் சுற்றிலும் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.